ஜூனியர் படகேறிய கதை

"உங்க பையனுக்கா, பொண்ணுக்கா?"

முதல் மேசையில் அந்த அம்மாவிடம் இப்படித்தான் கேட்டார்கள். அது சதுரங்கக் கழகத்தின் மேசை. பக்கத்தில் இருந்த சைக்கிள் கழகத்திலும் அதே கேள்வி. மலையேறுகிறவர்கள் கேட்கக்கூட இல்லை, சிரித்துவிட்டு அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்து அனுப்பிவிட்டார்கள்.

புது மாணவர்கள் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் பல்கலைக்கழகத்தின் பெரிய முற்றத்தில் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாக் கழகங்களும் மேசை போட்டு ஆள் பிடிக்கும். அந்த ஊரில் பாதிப்பேர் மாணவர்கள். வகுப்பு முடிந்த பிறகு இத்தனை பேரும் என்னதான் செய்வார்கள்? அதற்காகவே நாடகம், நடனம், சினிமா, சுவரேறுவது, வானத்தைப் பார்ப்பது என்று ஊர் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். நான் மருந்தியல் இரண்டாம் வருடம். படகுக் கழகத்தின் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மேசை கடைசி மேசை. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆற்றில் விடிகாலைக் குளிரில் துடுப்பு இழுக்க யாருக்குப் பைத்தியம்?

அந்த அம்மா எங்கள் மேசைக்கு வந்தபோது மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். குள்ளமான, அகலமான உருவம். ஐம்பதைத் தாண்டிய வயது. தோளில் மற்ற மாணவர்கள் மாட்டியிருந்த அதே துணிப்பை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "பையனுக்கும் இல்ல, பொண்ணுக்கும் இல்ல. எனக்கு."

"ஆன்ட்டி, இது படகு..."

"தெரியுது. படம் போட்டு வச்சிருக்கீங்களே. இன்னொரு தடவை ஆன்ட்டின்னு கூப்பிட்டா அந்தத் துடுப்பாலயே ஒண்ணு போடுவேன்."

"அப்ப என்னன்னு கூப்பிடுறது?"

"நீ எந்த வருஷம்?"

"ரெண்டாவது."

"நான் முதல் வருஷம். வரலாறு. அப்ப நான் உனக்கு ஜூனியர்தானே? அப்படியே கூப்பிடு."

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஜூனியர். நீங்க, வாங்க, போங்க என்ற மரியாதையோடுதான். ஆனாலும் ஜூனியர்தான்.

அவருடைய கதை எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. கை தைக்க ஒரு ஆள், பொத்தானுக்கு ஒரு ஆள். இவருக்குக் காலர் மட்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, கணவர் போய், மகன் படித்து ஆளாகும்வரை காலர், காலர், காலர். "ஒரு முழுச் சட்டைய நான் தைச்சதே இல்ல" என்று சிரிப்பார். தொழிற்சாலையை மூடினார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடினார்கள். இவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

மகன் இதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் விரிவுரையாளர். அம்மா படிக்க வந்ததில் அவருக்குப் பெருமைதான். சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாராம். படகு விஷயம் காதில் விழுந்ததும் அந்தப் பெருமை கரைந்துவிட்டது.

ஒரு நாள் காலையில், கைப்பையும் பளபளக்கும் காலணியுமாக, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் படகுக் கொட்டகைக்கே வந்துவிட்டார். நாங்கள் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாயேன்."

"இங்கயே சொல்லு. இவங்க என் கூட்டாளிங்க."

மகன் குரலைத் தாழ்த்தினார். அந்தத் தகரக் கொட்டகையில் எவ்வளவு தாழ்த்தினாலும் கேட்கும். "படிக்கணும்னு சொன்ன, சரின்னேன். நூலகத்துக்குப் போ, கூட்டத்துக்குப் போ, நல்ல சினிமா பாரு. இது எதுக்கு? டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்டா. அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஜூனியர் துணியைக் கீழே வைத்தார். "மெஷின் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு வளைஞ்சு போச்சே, அன்னைக்கு யாராவது வந்து 'உனக்கு ஏதாவது ஆயிடும்மா, எந்திரிச்சு வா'ன்னு கூப்பிட்டாங்களா? வேலைக்குன்னா உடம்பு எப்படி வேணா போகலாம். விளையாட்டுக்குன்னா மட்டும் கண்ணாடிப் பாத்திரம் ஆயிடுமா?"

மகன் காலணியில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் படகில் ஏற வாய் மட்டும் போதாது. நீந்தத் தெரியாதவரைப் படகில் ஏற்ற மாட்டோம். ஜூனியருக்கு நீச்சல் தெரியாது. இதோடு விட்டுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில், சின்னப் பிள்ளைகள் பழகும் ஆழமில்லாத பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தார். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, வகுப்புக்கு ஈரத் தலையோடு ஓடுவார். ஒரு நாள் கம்பியை விட்டார், மிதந்தார். மிதந்த சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்து அரைக் குளத்தையும் குடித்துவிட்டார்.

படகிலும் அவர் கெட்டிக்காரி ஆகிவிடவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். எங்களுடையது நான்கு பேர் துடுப்பு இழுக்கும் நீளப் படகு. இழுப்பவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவோம். எதிரே, படகின் வால் பக்கம், வழி பார்த்துச் சுக்கான் பிடிக்க ஐந்தாவதாக ஒருத்தி, நாங்கள் குட்டி என்று கூப்பிடுகிறவள். நாலு துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறவேண்டும். ஜூனியரின் துடுப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு இறங்கும். சில சமயம் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு, கைப்பிடி திரும்பி வந்து அவர் வயிற்றிலேயே ஒரு குத்து விடும். "யம்மா!" என்பார். அடுத்த நிமிடம், "சரி, இழு" என்பார்.

முதலில் கோபப்பட்டவள் நெட்டை. சட்டம் படித்தவள், எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். படகின் வேகத்தை முடிவு செய்வது அவள்தான். அவள் முதுகைப் பார்த்தே மற்ற மூவரும் இழுப்போம். அந்த வருடம் பல்கலைக்கழக அணிக்கான தேர்வில் மயிரிழையில் அவளைக் கழித்துவிட்டார்கள். அந்த எரிச்சல் அவளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் கரையேறியதும் வெடித்தாள். "நான் நேராவே சொல்லிடறேன் ஜூனியர். நீங்க இருந்தா நாம எப்பவும் தோத்துக்கிட்டேதான் இருப்போம்."

"தெரியும்" என்றார் ஜூனியர்.

"தெரிஞ்சுமா வர்றீங்க?"

"ஜெயிக்கிறதுக்கா நான் வந்தேன்? காத்து வாங்கணும், தண்ணி மேல போகணும், உங்க கூடக் கத்தணும். அதுக்கு வந்தேன். நீ ஜெயிக்கணும்னு வந்த. அதுவும் நியாயம்தான். ஒரே படகுல ரெண்டு ஆசை உட்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? நீதானே சட்டம் படிக்கிற, சொல்லு."

நெட்டை துடுப்பைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். மறுநாள் வந்தாள். வந்ததுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

இந்தச் சமயத்தில்தான் விளையாட்டு அதிகாரி ஒரு உத்தரவு போட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு காலத்தில் தானும் துடுப்பு இழுத்தவர், முழங்கால் போனபிறகு மேசைக்கு வந்தவர். பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பதக்கம் வாங்கிக் குவிக்க, நாங்கள் வெறுங்கையோடு திரும்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால், அடுத்த பருவத்திலிருந்து கொட்டகை தேர்வான அணிக்கு மட்டும். பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எங்களை மாதிரி சும்மா வந்து போகிறவர்கள் நிறையப் பேர். முணுமுணுத்தார்கள், கலைந்து போனார்கள். ஜூனியர் மட்டும் விசாரித்தார். "இந்தப் பருவம் முடியறதுக்குள்ள ஆத்துப் போட்டி வருதில்ல? அதுல யார் கலந்துக்கலாம்?"

"எந்த மாணவர் குழுவும் கலந்துக்கலாம்" என்றேன்.

"அப்ப நாம கலந்துக்கறோம்."

"கேவலமாத் தோப்போம்."

"கேவலமாவே தோப்போம். ஆனா எல்லாரும் பாக்கத் தோப்போம். இப்படி ஆளுங்க இந்த ஆத்துல இருக்காங்கன்னு தெரியட்டும்."

நெட்டை ஜூனியர் பக்கம் திரும்பினாள். "என்னைக் கழிச்சுவிட்டவங்க முன்னாடி கடைசியா வரச் சொல்றீங்க."

"ஆமா."

"சரி, வர்றேன்."

போட்டி நாளன்று கரை முழுக்கக் கூட்டம். புல்தரையில் போர்வை விரித்துத் தின்பண்டத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். முடிவுக் கோட்டருகே நேரம் பார்க்கிற மேசை. கடிகாரத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தவர் ஜூனியரின் மகன். புள்ளியியல் ஆசிரியர் என்பதால் வருடாவருடம் அவர் தலையில்தான் அந்த வேலையைக் கட்டுவார்கள். எங்கள் படகைப் பார்த்ததும் முகத்தைத் தாழ்த்திக் கடிகாரத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கொடி இறங்கியது. மற்றப் படகுகள் அம்பு மாதிரி போயின. நாங்களும் போனோம், எங்கள் அளவில். சுக்கான் பிடித்த குட்டி தொண்டை கிழியக் கத்தினாள். நெட்டை இழுத்தாள், நான் இழுத்தேன், எனக்குப் பின்னால் ஜூனியர் மூச்சு வாங்கி இழுத்தார், கடைசியில் கண்ணாடி இழுத்தாள். கண்ணாடி இசை படிக்கிற பெண், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். பாதி வழியில் அவள் இருக்கை அசையாமல் நின்றுவிட்டது. இழுக்கும்போது முன்னும் பின்னும் உருளவேண்டிய இருக்கை, ஒரு சக்கரம் கழன்று கம்பியில் சிக்கிக்கொண்டது. படகை நிறுத்தி, நெளிந்து, தட்டி, கழன்ற சக்கரத்தை ஆற்றில் தவறவிட்டு, கடைசியில் உருளாத இருக்கையிலேயே அவள் கையால் மட்டும் இழுப்பது என்று முடிவானது.

அதற்குள் தூரத்தில் ஒலிபெருக்கி ஜெயித்தவர்கள் பெயரைச் சொல்லிவிட்டது. கைதட்டல் கேட்டது.

எங்களை நோக்கி ஒரு மோட்டார் படகு வந்தது. விளையாட்டு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். "ஓரமா ஒதுங்குங்க. போட்டி முடிஞ்சாச்சு. பரிசளிப்புக்கு எல்லாரும் காத்திருக்காங்க."

நெட்டை துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டாள். அவள் பின்கழுத்து சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

"எங்களுக்கு இன்னும் முடியல சார்" என்றார் ஜூனியர்.

"அம்மா, முடிவு அறிவிச்சாச்சும்மா."

"ஜெயிச்சவங்க முடிவைத்தானே அறிவிச்சீங்க? தோத்தவங்க முடிவு இன்னும் வந்து சேரலையே. வந்துக்கிட்டிருக்கோம்."

"விளையாடாதீங்க!"

"அதுக்குத்தானே சார் வந்திருக்கோம்!"

நெட்டையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எங்களோடு இருந்த அத்தனை மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. துடுப்பை இறக்கினாள். "எல்லாரும் என் முதுகைப் பாருங்க" என்று சத்தம் போட்டாள். "மெதுவா, ஒண்ணா. அவசரமே இல்ல. ஆறு நம்ம ஆறு."

மோட்டார் படகு எங்கள் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு வந்தது. அதிகாரி ஏதோ கத்திக்கொண்டே இருந்தார், இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கரையில் சிலர் விசிலடித்தார்கள். "தூங்கிடாதீங்க!" என்று ஒருத்தன் கூவினான். "நீ போர்வையில படுத்திருக்க, நான் துடுப்புப் போடறேன். யாருடா தூங்கறது?" என்று ஜூனியர் மூச்சிரைக்கத் திருப்பிக் கொடுத்தார். கரையில் சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

முடிவுக் கோட்டருகே எல்லா மேசைகளையும் மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையை மட்டும் மடக்க முடியவில்லை. மகன் எழுந்திருக்க மறுத்துவிட்டாராம். பிற்பாடு பக்கத்திலிருந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "கடிகாரத்தை நிறுத்துங்க சார், பரிசளிப்பு ஆரம்பிக்கணும்" என்று கேட்டதற்கு, "இன்னும் ஒரு படகு வரலையே. எப்படி நிறுத்தறது?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

நாங்கள் கோட்டைத் தாண்டியதும் அவர் எழுந்து நின்று எங்கள் நேரத்தை உரக்கப் படித்தார். அந்த நேரத்தில் ஒரு ஆள் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவி வைத்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவர்களின் நேரத்தைப் படித்த அதே குரலில், ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

ஜூனியர் துடுப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தார். "படிச்சது யாரு?" என்று கேட்டார்.

"உங்க பையன்தான்."

"நிமிர்ந்து நின்னு படிச்சானா?"

"நிமிர்ந்துதான்."

"ம்" என்றார்.

அன்று சாயங்காலமே எங்கள் ஐந்து பேருக்கும் கொட்டகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பருவம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடி அழுதாள். ஜூனியர் அவளை அதட்டினார். "எதுக்கு அழற? காலையில வழக்கமான நேரத்துக்கு வந்து சேரு."

"கொட்டகை பூட்டியிருக்குமே."

"ஆத்தைப் பூட்டிட்டாங்களா?"

மறுநாள் காலை படகு இறக்கும் சரிவில் போய் உட்கார்ந்தோம். அணிக்காரர்கள் தோளில் படகைச் சுமந்து வந்தால் போக ஒரு ஓரம் வழிவிட்டோம். யாரையும் தடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்தோம். கண்ணாடி புல்லாங்குழல் வாசித்தாள். குட்டி சீட்டுக்கட்டு கொண்டுவந்தாள். ஜூனியர் அடுத்த தேர்வுக்கு வாய்விட்டுப் படித்தார். ஏதோ ஒரு பேரரசு விழுந்துகொண்டிருந்தது.

அதிகாரி நொண்டிக்கொண்டே வந்தார். "என்ன இது? போராட்டமா?"

"ஐயோ, இல்ல சார். பொழுதுபோக்கு. படகு கிடையாதுன்னுட்டீங்க, அதனால கரையில உட்கார்ந்து போக்கறோம்."

உட்காரக் கூடாதென்று யாரால் சொல்லமுடியும்? அடுத்தடுத்த நாட்களில் ஆட்கள் சேர்ந்தார்கள். உத்தரவைக் கேட்டு முணுமுணுத்துக் கலைந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நண்பர்களைக் கூட்டிவந்தார்கள். சதுரங்கக் கழகக்காரர்கள் பலகையோடு வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் சரிவே திருவிழாக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. அணிக்காரர்கள் ஒவ்வொரு காலையும் "மன்னிக்கணும், கொஞ்சம் காலை மடக்கிக்கிறீங்களா" என்று கெஞ்சிக்கொண்டே ஆற்றுக்குள் இறங்கவேண்டி வந்தது. பயிற்சியைவிட மன்னிப்புக் கேட்பதிலேயே அவர்களுக்குப் பாதி நேரம் போயிற்று.

ஒரு காலையில் அதிகாரி வந்து, கெட்ட முழங்காலை நீட்டி, ஜூனியர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பதக்கம் வரலைன்னா இந்தக் கொட்டகையையே எடுத்துடுவாங்க. உங்களுக்குத் தெரியுமா அது? உங்களுக்கும் கிடையாது, அவங்களுக்கும் கிடையாது."

"பதக்கம் வேணாம்னு நான் சொல்லலையே. நல்லா வாங்குங்க. நானே வந்து கை தட்டறேன்" என்றார் ஜூனியர். "அவங்க ஓட்டாத நேரத்துல படகு சும்மாத் தூங்குதே, அதைக் கொடுங்கன்னுதான் கேக்கறேன். சந்தோஷத்துக்குக்கூடத் தேர்வு வைப்பீங்களா சார்? நான் ஆயுசு முழுக்க வேலைக்குத் தேர்வாகி இருந்தாச்சு. போதும்."

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "பழைய மரப் படகு ரெண்டு பின்னாடி கிடக்கு. கனமா இருக்கும்" என்றார்.

"எங்களுக்கும் கனம் ஜாஸ்திதான்."

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். காலை நேரம் கிடைக்கவில்லை, வெயில் சுடும் மதியம்தான் கிடைத்தது. நல்ல படகு கிடைக்கவில்லை, ஒழுகும் மரப் படகுகள்தான். ஒழுகலை நாங்களே அடைத்தோம், எங்கே அடைத்தாலும் வேறெங்கோ ஒழுகியது. ஆனால் வந்தவர்கள் யாரையும் "உனக்கு நல்லா வருமா?" என்று கேட்டு நிறுத்தவில்லை. நெட்டையை அடுத்த வருடம் அணியில் எடுத்துக்கொண்டார்கள். போனாள், பதக்கமும் வாங்கினாள். சனிக்கிழமை மதியங்களில் மட்டும் எங்களோடு வந்து தண்ணீர் இறைத்தாள்.

மகன் படகில் ஏறவே இல்லை. தண்ணீரைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றுமாம். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு திட்டியிருக்க மாட்டார். கரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், நாங்கள் திரும்பியதும் துண்டை நீட்டுவார்.

ஜூனியர் வரலாற்றில் தேறினார். பிரமாதமான மதிப்பெண் ஒன்றுமில்லை. பட்டம் வாங்கிய கையோடு ஒரு சிக்கல். இனி அவர் மாணவி இல்லை, மாணவி இல்லாதவருக்குப் படகும் இல்லை. இந்தத் தடவை அதிகாரியே சங்கடப்பட்டார். "விதியை நான் மாத்தமுடியாதும்மா" என்றார்.

"நீங்க ஏன் மாத்தணும்?" என்று கேட்டுவிட்டு ஜூனியர் நேராகச் சேர்க்கை அலுவலகத்துக்கு நடந்தார். அந்த வருடம் இடம் காலியாக இருந்தது நிலவியலில் மட்டும்தான்.

அன்று மதியம், அங்கேயே மேல்படிப்பில் சேர்ந்திருந்த நானும் மகனும் கரையில் காத்திருந்தோம். விஷயத்தைக் கேட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நிலவியலா? அம்மா, கல்லைப் பத்தின படிப்பும்மா அது. உனக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"போகப் போகத் தெரிஞ்சுக்கறேன்" என்று சொல்லி, பையை அவர் மடியில் போட்டுவிட்டு, படகைத் தள்ள என்னைக் கூப்பிட்டார்.